குழாயடிச் சண்டை

டிவி விவாதம் பார்க்கிற பழக்கம் உங்க வீட்டில் யாருக்காவது இருந்தால் இந்த வரியைக் கேட்டிருப்பீங்க. இரண்டு பேச்சாளர்கள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிப்பார்கள். நெறியாளர் கையைத் தூக்கி, "என்ன சார், குழாயடிச் சண்டை மாதிரி ஆயிடுச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சட்டமன்றம், ஆபீஸ் மீட்டிங், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் என்று எங்கே தரம் கெட்ட சண்டை நடந்தாலும் நம்ம வாயில் முதலில் வருகிற உவமை அதுதான்.

வணக்கம் மக்களே. இந்த எபிசோட் அந்த வார்த்தையைப் பத்தி. குழாயடியில் யார் சண்டை போட்டாங்க, எதுக்குப் போட்டாங்க, அந்தக் குழாய் அங்க எப்படி வந்துச்சு? மொத்த சென்னையையும் பேச ஆரம்பிச்சா மூணு மணி நேரம் ஆகும், அதனால ஒரே ஒரு பேட்டையை வெச்சுப் பேசலாம்: திருவல்லிக்கேணி. நான் வளர்ந்த இடம்ங்கிறது ஒரு காரணம். பேர்லயே தண்ணி இருக்குங்கிறது இன்னொரு காரணம். அல்லி பூத்த கேணி, அதுதான் அல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் குளத்தை வெச்சு வந்த பேர்.

முதலில் குழாய் இல்லாத வீட்டைப் பார்க்கலாம். திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, அதற்கும் பின்னால் கிணறு. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற மணல் பூமி என்பதால் ரொம்ப ஆழம் தோண்டாமலே தண்ணீர் கிடைத்தது. வீடு கட்டினவர் தன் ஒரு குடும்பத்துக்காகத்தான் கட்டினார். ஆனால் வேலைக்கும் படிப்புக்கும் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்த கூட்டம் இந்த வீடுகளைப் பங்கு போட்டுக்கொண்டது. கூடத்தில் ஒரு குடும்பம், பின்கட்டில் ஒரு குடும்பம், மாடியில் இரண்டு. ஒண்டுக் குடித்தனம் என்று இதற்குப் பேர். அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருப்பது என்று அர்த்தம், ஆனால் அந்த வாழ்க்கையின் முக்கியமான தகவல் அந்தப் பேரில் இல்லை: எத்தனை குடித்தனம் இருந்தாலும் கிணறு ஒன்றுதான்.

என் பாட்டி 1961-ல கல்யாணமாகி அந்த மாதிரி ஒரு வீட்டுக்கு வந்தாங்க. ஆறு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு கழிப்பறை. விடியற்காலை யார் முதலில் தாம்புக் கயிற்றைத் தொடுவது, யார் வீட்டு ஆம்பளை எத்தனை மணிக்கு ஆபீஸ் போகணும், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கு, இதெல்லாம் கணக்கில் எடுத்துக்கிட்டு ஒரு டைம் டேபிள் அந்த வீட்டுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது. எழுதி ஒட்டினது கிடையாது. பாட்டிக்கு அது மனப்பாடமாக ஒரு மாசம் ஆச்சாம். "மாமியாரை விட ராட்டினம்தான் பயமா இருந்துச்சு, சத்தம் போட்டா எல்லாரும் எழுந்து வந்துருவாங்க" என்று சொல்வாங்க. சத்தம் போடாமல் கிணற்றில் தண்ணி இறைக்கிறது ஒரு கலை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்தக் கிணற்றைப் பத்திப் பேசும்போது பழைய நினைவுகளில் கரைந்து போகிற ஆபத்து ஒன்று உண்டு. அந்தக் கிணறு எல்லாருக்குமானது இல்லை. மடி, ஆசாரம் பார்த்த வீடுகளில் ஒரு குடத்தை இன்னொருத்தர் தொட்டால் மறுபடி கழுவி, மறுபடி இறைக்கணும். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவுக்கு யாராவது மேலே இருந்து ஊற்றணும், அவங்க கயிற்றைத் தொடக் கூடாது. தண்ணீரும் சாதியும் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. பொதுக் கிணறு, நீர்நிலைகளில் தலித்துகளைத் தடுக்கக் கூடாது என்று சொல்ல மெட்ராஸ் மாகாணத்தில் 1938-ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் போதவில்லை. நம்ம அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. தெருக்குழாய்க்கு வந்த மவுசைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அது யார் வீட்டுப் பின்கட்டிலும் இல்லை. கார்ப்பரேஷன் சொத்து, தெருவில் நிற்கிறது. அங்கேயும் குடத்தோடு குடம் படாமல் ஒதுங்கி நின்றவர்கள் இருந்தார்கள், ஆனால் சட்டப்படி யாரும் யாரையும் விரட்ட முடியாது.

சரி, அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது?

மெட்ராஸின் முதல் ஏற்பாடான தண்ணீர் விநியோகம் ஊர் மக்களுக்காக வந்ததில்லை, கோட்டைக்காக வந்தது. ஏழுகிணறு என்று இன்றைக்கும் வடசென்னையில் ஒரு பகுதி இருக்கே, 1770-களில் அங்கே கிணறு வெட்டித்தான் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஊருக்கு என்று ஒன்று வர இன்னும் நூறு வருஷம் ஆனது. பிரேசர் என்ற பொறியாளர் போட்ட திட்டப்படி கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, அங்கிருந்து திறந்த மண் வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1872-ல் இது ஓட ஆரம்பித்தது. கவனிங்க, திறந்த வாய்க்கால். வழியில் மாடு குளிக்கலாம், யாரும் எதுவும் கழுவலாம். அந்தத் தண்ணீர் அப்படியே இரும்புக் குழாய்களில் ஏறி ஊருக்குள் வந்தது. வடிகட்டி அனுப்புகிற கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-ல் வந்தது. அதைச் செய்து முடித்தவர் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர். தி. நகரில் இருக்கிற மேட்லி சப்வே அவர் பேரில்தான். ஊருக்கு நல்ல தண்ணி கொடுத்த மனிதரின் பேரை, மழை பெய்தால் முதலில் தண்ணி தேங்குகிற இடங்களில் ஒன்றுக்கு வைத்திருக்கோம். நம்ம ஊர் நகைச்சுவை உணர்வு தனி.

அடுத்த பெரிய வேலை பூண்டி நீர்த்தேக்கம். மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்று தொடங்கி வைத்தார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, அதற்கு முந்தின வருஷம் இறந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பேர் வைத்தார்கள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெட்ராஸில் சுமார் 5.2 லட்சம் பேர். 1941-ல் 7.8 லட்சம். 1951-ல் 14 லட்சம். 1961-ல் 17 லட்சம். அந்தப் பத்து வருஷத்தை, 1941-லிருந்து 51 வரைக்கும், மறுபடி பாருங்க. ஊரின் எல்லை விரிந்ததும் இதில் சேர்த்தி, ஆனாலும் ஜனத்தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம்ம தொழிலில் சர்வர் மேல் லோடு இப்படி ஏறினால் இன்னும் இரண்டு சர்வர் போடுவோம். ஏரியை அப்படிப் போட முடியாது. அதே ஏரிகள், பாதிக்குப் பாதி அதே பழைய குழாய்கள், மூன்று மடங்கு வாய்.

இதன் விளைவு முதலில் தெரிந்தது அழுத்தத்தில். குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் இருந்தால் அழுத்தம் இருக்கும், மாடிக்குக்கூட ஏறும். பற்றாக்குறைக்காகக் காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று திறந்து மூடினால், திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிப்பார்கள். தெருவின் முதல் வீட்டுக்குத் தண்ணி, கடைசி வீட்டுக்குக் காத்து. அந்தக் காத்தின் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தண்ணி வருவதற்கு முன்னால் குழாய் உஸ்ஸ்ஸ் என்று இழுக்கும். எங்க பாட்டி அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்தில் இருந்து எழுந்து உட்காருவாங்க. எனக்கு அலாரம் மூன்று தடவை அடித்தாலும் கேட்காது.

அழுத்தம் குறையக் குறைய ஒரு விசித்திரம் நடந்தது. குழாய் கீழே இறங்க ஆரம்பித்தது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. நெஞ்சு உயரத்தில் இருந்த குழாயில் தண்ணி ஏறவில்லை என்றதும் முழங்கால் உயரத்தில் வெட்டி வைத்தார்கள். அதிலும் ஏறவில்லை என்றதும் தரையில் குழி தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி, சின்ன சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். அதுவும் போதாமல் கார்ப்பரேஷன் லைனிலேயே அடி பம்பைப் பொருத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் சென்னை வீட்டு வாசலில் அடி பம்பைப் பார்த்து, நிலத்தடி நீர் என்று நினைப்பார்கள். பல வீடுகளில் அது அரசாங்கம் குழாயில் அனுப்புகிற தண்ணி. அரசாங்கம் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும், கடைசி மூன்றடிக்கு நீங்க அடிச்சுத் தூக்கணும். ஒரு குடம் நிரம்ப எத்தனை அடி என்று எங்க தெருவில் எல்லோருக்கும் தெரியும், வாசர் தேய்ந்தால் அந்த எண்ணிக்கை கூடும்.

1978-ல் தண்ணீருக்கென்று தனி வாரியம் வந்தது. அதன் முழுப் பேர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம் என்பதால் மெட்ரோ வாட்டர் என்றே ஊர் சொல்லும். லாரி, பில், தண்ணி, ஆபீஸ் எல்லாமே நமக்கு மெட்ரோ வாட்டர்தான். ரயில் மெட்ரோ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சென்னையில் மெட்ரோ வந்துவிட்டது.

இப்போ குழாயடிக்கு வருவோம்.

வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். இதுதான் முதல் விதி. ராத்திரியே குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் படுக்கலாம். பித்தளைக் குடக் காலத்தில் இது நடக்காது, காலையில் குடம் இருக்காது. பிளாஸ்டிக் குடம் வந்தபிறகுதான் வரிசை ராத்திரி வேலை ஆனது. அந்தப் பச்சை, ஆரஞ்சு, நீலம் எல்லாம் அழகுக்கு இல்லைங்க, அடையாளத்துக்கு. ஒரே நிறம் இரண்டு வீட்டில் இருந்தால் கழுத்தில் துணி கட்டுவார்கள், நெயில் பாலிஷில் புள்ளி வைப்பார்கள். குடம் வைக்க மனசில்லாதவர்கள் செங்கல், உடைந்த பக்கெட், ஓட்டைச் சட்டி வைப்பார்கள். எங்க தெருவில் ஒரு அம்மிக் குழவி பல வருஷம் அந்தப் பணியில் இருந்தது.

இரண்டாவது விதி, சுற்று. முதல் சுற்றில் வீட்டுக்கு இரண்டு குடம். எல்லோரும் பிடித்தபிறகு மறுபடி இரண்டு. ஒருத்தர் வந்து ஒரேயடியாகப் பத்துக் குடத்தை நிரப்பிக்கொண்டு போக முடியாது. தண்ணி எப்போ நிற்கும் என்று தெரியாத நேரத்தில் எல்லோருக்கும் குறைந்தபட்சம் ஏதாவது கிடைக்கணும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங் என்று இதைப் பத்து மார்க்குக்குப் படித்தேன். பாடம் நடத்தின சாருக்கு எங்க தெரு அக்காக்களை அறிமுகப்படுத்தியிருக்கலாம்.

மூன்றாவது, விலக்குகள். பிரசவ வீடு, சாவு வீடு, கல்யாண வீடு முன்னால் போகலாம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை இருக்கிற வீடு கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கிறது தெருவின் மனநிலையைப் பொறுத்தது. புது மருமகள் சந்தேகமே இல்லாமல் கடைசி.

இத்தனையையும் யார் நடத்தினார்கள்? கவுன்சிலர் இல்லை, வாரியம் இல்லை, போலீஸ் இல்லை. இரண்டாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த, காலையில் ஆறு பேருக்குச் சமைக்க வேண்டிய பெண்கள். குடத்தை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்றால் அங்கேயே கேட்கணும். விட்டால் நாளைக்கும் நகரும். சுற்றை மீறி ஒருத்தர் மூன்றாவது குடத்தை நீட்டினால் அப்போதே சத்தம் போடணும், ஏன்னா மேல்முறையீட்டுக்கு வேறு இடம் கிடையாது. சத்தம்தான் அந்த அமைப்பின் ஒரே நீதிமன்றம். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு, அதாவது அந்நேரம் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு, அது வெறும் சண்டையாகத் தெரிந்தது. வார்த்தையை உருவாக்கினது அவர்தான் என்பது என் சந்தேகம். அவர் குளித்த தண்ணி அந்தச் சண்டையில் ஜெயித்து வந்தது.

இதை ரொம்பப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. வீட்டுக்காரர் பெண்சாதி குடித்தனக்காரப் பெண்ணைப் பின்னால் தள்ளின கதை பாட்டியிடமே நாலு இருக்கு. நிஜமான சமத்துவக் கேடு வந்தது மோட்டார் ரூபத்தில். லைனில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் உங்க தொட்டி நிரம்பும், பக்கத்து வீட்டு அடி பம்பு வெறும் காத்து அடிக்கும். சட்டப்படி தப்பு, ஆனால் சத்தம் கேட்காத மோட்டார்களும் உண்டு. ஒரு வீடு மோட்டார் வைத்தால் அடுத்த வீடும் வைத்தாகணும். அதற்கப்புறம் சம்ப், மாடி டேங்க், போர். ஒவ்வொரு வீடும் தன் பிரச்சனையைத் தீர்த்துக்கொள்கிறபோது அடுத்த வீட்டின் பிரச்சனை கொஞ்சம் பெரிதாகும். எல்லோரும் போர் போட, பல தெருக்களில் நிலத்தடி நீர் உப்பாகியது. பணம் இருந்தவர்கள் வரிசையை விட்டு வெளியேறினார்கள். வரிசையில் மிச்சம் இருந்தவர்களின் சண்டையைப் பார்த்துச் சிரிப்பது இன்னும் சுலபம் ஆனது.

இப்படி வரும் தண்ணியைக் குடிப்பது வேற வேலை. குழாய் பாதி நாள் காலியாகக் கிடந்தால், பக்கத்தில் ஓடுகிற சாக்கடையில் இருந்து விரிசல் வழியாக உள்ளே இழுக்கும். அதனால்தான் முதலில் வருகிற தண்ணியைப் பிடிக்கமாட்டார்கள், கலங்கல் போகட்டும் என்று விடுவார்கள். பிறகு குடத்து வாயில் வேடு கட்டி வடிகட்டணும், காய்ச்சணும், ஆறவைக்கணும். எங்க வீட்டில் தண்ணிக்குச் சாதி மாதிரி அடுக்கு இருந்தது. உப்புத் தண்ணி துணிக்கும் கழுவுவதற்கும். மெட்ரோ வாட்டர் சமையலுக்கு. காய்ச்சினது குடிக்க. அரிசி கழைந்த தண்ணி செடிக்கு. எந்த வாளியில் எது என்று தெரியாமல் கை வைத்தால் உதை நிச்சயம். அசோகமித்திரன் 1970-களின் தொடக்கத்தில் எழுதின "தண்ணீர்" நாவலைப் படித்திருந்தால் இந்த உலகம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், ஒரு மெட்ராஸ் தெரு, தண்ணி இல்லாத நாட்கள். படிக்காதவர்கள் படிங்க, சின்னப் புத்தகம்தான்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. வீராணம் ஏரியில் இருந்து தண்ணி கொண்டுவர முன்னொரு காலத்தில் ஆரம்பித்த திட்டம் பாதியில் நின்று, அதற்காகச் செய்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தன. ஆந்திராவோடு 1983-ல் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் போட்டார்கள். வருஷத்துக்கு 12 டிஎம்சி எல்லையில் வந்து சேரணும் என்பது பேச்சு. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996-ல். பதின்மூன்று வருஷம். ஒப்பந்தம் போட்ட அன்று பிறந்த குழந்தை எட்டாம் வகுப்பு போயிருக்கும்.

பிறகு 2003. தொடர்ந்து மழை பொய்த்து ஏரிகள் வறண்டு, 2003-04-ல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சென்னையில் குழாயில் தண்ணி விடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். ஒரு பெருநகரம் முழுக்க லாரி. தெருமுனைகளில் கறுப்பு சிண்டெக்ஸ் டேங்க் வைத்து லாரி வந்து அதில் நிரப்பும், அல்லது லாரியில் இருந்து நேராகப் பிடிக்கணும்.

எனக்கு அப்போ ஆறு வயசு. என் வேலை, மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்து தெருமுனையைப் பார்ப்பது. லாரி திரும்பினதும் "யம்மா, லாரி!" என்று கத்தணும். இன்றைய பாஷையில் நான் புஷ் நோட்டிபிகேஷன். கத்தினதும் நாலு மாடியில் இருந்து செருப்புச் சத்தம் இறங்கும்.

குழாயை விட லாரி மோசமானது ஏன் என்றால், குழாய்க்கு ஒரு நேரம் இருந்தது. லாரிக்கு இல்லை. காலை ஆறுக்கும் வரும், மதியம் ரெண்டுக்கும் வரும், ராத்திரி பதினொண்ணுக்கும் வரும், வராமலும் போகும். 9,000 லிட்டர் லாரி ஒன்றில் சுமார் 600 குடம். அறுபது வீடு இருக்கிற தெருவில் வீட்டுக்குப் பத்து. ஒரு குடம் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. பத்துக் குடம் 150 கிலோ. நாங்க இருந்தது இரண்டாவது மாடி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று எடுத்தால் ஐந்து நடை. ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால், தினமும் வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு 54 டன்னுக்கு மேல். சின்ன கூகுள் ஷீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இந்த எபிசோடுக்காக அம்மாவிடம் அந்த வருஷத்தைப் பத்திக் கேட்டேன். அம்மா பி.காம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு சின்ன கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்த்தாங்க. 2003-ல அந்த வேலையை விட்டாங்க. எங்க குடும்பத்துல இதுக்குச் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "பையனைப் பார்த்துக்க ஆள் இல்ல, அதான் விட்டுட்டா." சொந்தக்காரங்க கல்யாணத்துல, பக்கத்து வீட்ல, எனக்கு அட்மிஷன் போட்டப்போ, எல்லா இடத்துலயும் இந்த வரிதான்.

அம்மா சொன்னது வேற. "உன்னைப் பாட்டி பார்த்துப்பாங்க, அதுல என்ன. பாட்டிக்கு அப்பவே முட்டி போயிடுச்சு, குடம் தூக்க முடியாது. அப்பா ஷிப்ட். லாரி எப்ப வரும்னு தெரியல. மூணு தடவை ஆபீஸ்ல இருந்து பாதியில வந்தேன். நாலாவது தடவை அவங்களுக்கும் சொல்லக் கஷ்டம், எனக்கும் கேக்கக் கஷ்டம். நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் பையனுக்காகன்னு சொன்னீங்கம்மா என்று கேட்டேன்.

"தண்ணி புடிக்கறதுக்காக வேலையை விட்டேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? பிள்ளைக்காகன்னா மரியாதை."

சம்பளம் அப்போ எவ்வளவுன்னு கேட்டதுக்குச் சொன்னாங்க. அதை இங்க சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா அதைவிடப் பெரிய விஷயம், அம்மா திரும்ப வேலைக்குப் போகல. 2004-ல புதிய வீராணம் திட்டத்துல தண்ணி வந்துருச்சு. 2003-ல கட்டாயமாக்கின மழைநீர் சேகரிப்பும், அடுத்து வந்த நல்ல மழையும் சேர்ந்து கிணறுகள்ல மறுபடி தண்ணி ஏறிச்சு. குழாய் திரும்ப உஸ்ஸுன்னுச்சு. கம்பெனியில அந்த நாற்காலியில வேற ஒருத்தர் இருந்தார்.

ஒரு நகரத்தின் தண்ணீர் வரலாறு எழுதுகிறவர்கள் ஏரி, அணை, டிஎம்சி, முதலமைச்சர், ஒப்பந்தம் என்று எழுதுகிறார்கள். எல்லாம் தேவையான தகவல், நானும் மேலே அதைத்தான் சொன்னேன். ஆனால் பூண்டிக்கும் எங்க வீட்டு அண்டாவுக்கும் நடுவில் இருந்த பற்றாக்குறையை அடைத்தது எது என்று கேட்டால், ஆயிரக்கணக்கான பெண்களின் தூக்கமும் முதுகெலும்பும் சம்பளமும். எந்தத் திட்ட அறிக்கையிலும் அது செலவுக் கணக்கில் வராது. யாரும் கொடுக்காத பணத்தை யாரும் பதிவு செய்வதில்லை.

2019-க்கு வந்தால் நிலைமை மாறினது புரியும். அந்த ஜூன் மாதம் நான்கு ஏரிகளும் வறண்டு, உலகப் பத்திரிகைகளில் எல்லாம் சென்னை தலைப்புச் செய்தி. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணி வந்தது, ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிகள் சில, கழிப்பறைக்குத் தண்ணி இல்லை, வீட்டில் இருந்தே வேலை பாருங்க என்று ஊழியர்களை அனுப்பின. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கும் அந்த மெயில் வந்தது. மெயிலில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள், தொழிலாளர் நலன் என்ற வார்த்தை இருந்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல எதுவும் இல்லை.

ஒரு நாள் காலை ஸ்டாண்ட்அப் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே லாரி ஹாரன். மியூட் போட்டுவிட்டு எழுந்தேன். அம்மா அதற்குள் இரண்டு குடத்தோட படியில் இறங்கிக்கிட்டு இருந்தாங்க. "நீ உக்காரு, ஆபீஸ் வேலை" என்றார்கள். என் டீமில் அன்றைக்கு ஒன்பது பேர். எங்கள் அத்தனை பேர் வீட்டிலும் தண்ணி தட்டுப்பாடு. காலில் யாரும் பாதியில் கிளம்பவில்லை. யாரோ ஒருத்தர் எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கீழே இறங்கியிருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் மிச்ச எட்டுக் குடத்தைத் தூக்கினேன், இரண்டு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாங்க.

கீழே அன்றைக்கு ஒரு வாக்குவாதம் நடந்தது. மூணாவது வீட்டு அக்கா இரண்டு குடம் முடிந்ததும் மூணாவதை நீட்டினாங்க. எதிர்வீட்டு அக்கா குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு ரெண்டா, எல்லாருக்கும் வரட்டும்" என்றாங்க. குரல் ஏறியது. அரை நிமிஷத்தில் முடிந்தது. மூணாவது குடம் திரும்பிப் போனது. கடைசியாக நின்ற பாட்டிக்கும் தண்ணி கிடைத்தது.

எங்க தெருவில் இப்போ பெரும்பாலும் கேன் தண்ணி, சம்ப். அடி பம்பு இரண்டு மிச்சம் இருக்கு, ஒன்றில் கைப்பிடி இல்லை. இருபது லிட்டர் கேனை மாடிக்குத் தூக்கி வருகிற பையன்களைப் பத்தி இன்னொரு எபிசோட் தேவை.

இதைக் கேக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க தெருவுல வரிசைக்கு எதை வெப்பாங்க, கல்லா, உடைஞ்ச பக்கெட்டா, சுற்று எத்தனை குடம், யாருக்கெல்லாம் விலக்கு? உங்க அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேட்டு அவங்க குரல்லயே வாய்ஸ் நோட் அனுப்புங்க. ராயபுரம், வியாசர்பாடி, சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா அனுப்பணும். அந்தப் பக்க விதிகள் வேறன்னு கேள்விப்பட்டேன். அடுத்த எபிசோட்ல அதைப் போடறோம்.